அம்பாசடரின் வயிற்றில் சணல்

ஹவுராவில் லோக்கல் ரயில் பிடித்து வடக்கே போனால் உத்தர்பாரா, ஹிந்த் மோட்டார், கொன்னகர், ரிஷ்ரா என்று வரிசையாக ஸ்டேஷன்கள் வரும். ரிஷ்ராவில்தான் 1855-ல் ஜார்ஜ் ஆக்லண்ட் என்ற ஆங்கிலேயர் இந்தியாவின் முதல் சணல் ஆலையை ஆரம்பித்தார். ஹிந்த் மோட்டாருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லத் தேவையில்லை. 1948-ல் குஜராத்தின் ஓக்காவிலிருந்து இங்கே இடம் மாறிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 2014 மே மாதம் வரை அம்பாசடரை இங்கேதான் செய்துகொண்டிருந்தது. ஆக, சணலும் அம்பாசடரும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இந்த உறவு எனக்குப் பிடிபட்டது என் வண்டியின் தரையைப் பிரித்தபோதுதான். கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த புதிதில் ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் பழைய அம்பாசடர் டீசல் ஒன்று வாங்கியிருந்தேன். (இப்போது இல்லை, கொடுத்துவிட்டேன்.) 1489 சிசி இன்ஜின். ஊரிலிருந்து வந்த சித்தப்பா ஒரே ஒரு தடவை ஏறிவிட்டு, "தம்பி, இது காரா, மாவு மில்லா?" என்று கேட்டார். சத்தம் ஒரு பக்கம், மே மாதத்தில் காலடியில் அடுப்பு வைத்தது போன்ற சூடு இன்னொரு பக்கம்.

மல்லிக் பஜாரில் பழைய வண்டிச் சாமான் கடைகளுக்கு நடுவே சீட் தைக்கிற ஒரு சாச்சாவிடம் போனேன். அவர் ரப்பர் மேட்டை உரித்தார். கீழே பழுப்பு நிறத்தில் சணல் ஃபெல்ட், ஒரு விரல் கனம். பாதி மட்கிப்போய், மழைத்தண்ணீர் குடித்து, அடியில் இருந்த தகடு துரு ஏறிக் கிடந்தது. லேசாக மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. சணலை நூற்பதற்கு முன் எண்ணெய் தெளித்து இளக்குவார்கள், அதன் வாடை அது.

நிற்க. வண்டியில் சத்தத்தை அடக்குவது என்றால் ஏதோ ஒன்றை அடைத்துவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மூன்று தனித்தனி வேலை. தகட்டின் அதிர்வை அடக்குவது ஒன்று. காற்றில் வரும் ஒலியை உறிஞ்சுவது இன்னொன்று. மூன்றாவது, ஒலி உள்ளே வராமல் கனமாகத் தடுப்பது. சணல், பஞ்சு வகையறா எல்லாம் இரண்டாவது வேலைக்குத்தான் லாயக்கு. அதிலும் கீச்சென்ற ஒலிகளை உறிஞ்சும், டீசலின் அடிவயிற்று உறுமலை ஒன்றும் செய்யாது. வெப்பத்தை ஓரளவு தடுக்கும், அது உபரி லாபம். தடுப்பு வேலையில் கனம்தான் ராஜா. எடையை இரண்டு மடங்காக்கினால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஆனால் அதற்கென்று காரில் செங்கல் அடுக்க முடியாதே!

முதல் வேலையில்தான் சுவாரசியமான சரித்திரம் இருக்கிறது. தகட்டின் மேல் தார் கலந்த பூச்சு ஒட்டினால் 'டங்' என்பது 'தொப்' ஆகிவிடும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவை அப்புகிற நமக்கு இது புதுசில்லை. அந்தப் பூச்சு எவ்வளவு கனமாக, எவ்வளவு விறைப்பாக இருந்தால் அதிர்வு எவ்வளவு அடங்கும் என்று 1952-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜெர்மனியின் ஹெர்மன் ஓபர்ஸ்ட். கனம் கூடக்கூட நல்லது என்பது அவர் கணக்கின் சாரம். 1959-ல் அமெரிக்காவின் எட்வர்ட் கெர்வின் வேறு வழி சொன்னார். பிசுபிசுப்பான பொருளை மெல்லிசாக ஒட்டி, அதன் மேல் விறைப்பான மெல்லிய தகடு ஒன்றை ஒட்டிவிடு. கீழ்த்தகடு அதிரும்போது நடுவில் மாட்டிக்கொண்ட பிசின் இப்படியும் அப்படியும் இழுபட்டு, அதிர்வைச் சூடாக மாற்றித் தின்றுவிடும். இன்று கார் ஆக்சஸரி கடைகளில் விற்கும் அலுமினியத்தாள் போர்த்திய கறுப்பு ஷீட் இந்தக் கணக்கின் பேரப்பிள்ளைதான். அமெரிக்காவில் டைனமாட் கம்பெனி 1989-ல் தொடங்கியது. நல்ல ஷீட்டில் இருப்பது பியூட்டைல், டயர் டியூபில் இருக்கிற அதே ரப்பர் வகை. விலை மட்டும் டியூப் விலை இல்லை!

விலையைப் பார்த்து மலைத்தவர்கள், மொட்டைமாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட்டை வாங்கிக் காரில் ஒட்டிப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் ஒட்டினார்கள், இங்கேயும் ஒட்டுகிறார்கள். தரையில் ஒட்டினால் சமாளிக்கும். கூரைத்தகட்டின் உள்பக்கம் ஒட்டினால் வெயிலில் இளகி, வாடை அடித்து, ஒருநாள் தலையிலேயே விழும். என் ஓட்டு இதற்கு இல்லை.

சாச்சாவுக்கு ஓபர்ஸ்டையும் தெரியாது, கெர்வினையும் தெரியாது. விரல் முட்டியால் தகட்டை ஊர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். எங்கே கணீர் என்றதோ அங்கே மட்டும் சாக்பீஸால் வட்டம். "முழுசா ஒட்டினா காசு எனக்கு, எடை உனக்கு" என்றார். தகட்டின் நடுவில் கால் பாகம் மூடினாலே பெரும்பங்கு வேலை முடிந்துவிடும் என்பது படித்தவர்களும் ஒப்புக்கொள்வதுதான்.

ஆனால் அவர் முதலில் செய்தது ஒட்டுவதே இல்லை. இன்ஜினுக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற தகட்டுச் சுவரில் ஒயர், கேபிள், பெடல் எல்லாம் நுழையும் ஓட்டைகளுக்குப் புது ரப்பர் போட்டார். கதவு பீடிங்கை மாற்றினார். பரப்பில் நூறில் ஒரு பங்கு ஓட்டை இருந்தாலும், சுவர் எவ்வளவு கனமானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. பிறகு துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, ஷீட் துண்டுகளை ஒட்டி, கடைசியில் மேலே புதுச் சணல் ஃபெல்ட். ஈரம் பட்டால் கழற்றிக் காயவைக்கும்படி ஒட்டாமல் விரித்தார். மொத்தச் செலவு, அப்போது நான் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மாத வீட்டு வாடகையைவிடக் குறைவு.

வண்டி மௌனமாகிவிட்டதா என்றால் இல்லை. கத்தாமல் பேச முடிந்தது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' யாருக்கு முக்கியம் என்பதுதான் விஷயம். தொழிலாளர் காதுக்கு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணி நேரம். திருப்பிப் பார்த்தால், 3 டெசிபல் குறைத்தால் காது தாங்கும் நேரம் இரட்டிப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எடுக்கிற என்னைப் போன்றவனுக்கு 3 டெசிபல் ஒரு சொகுசு. மஞ்சள் டாக்சியில் பன்னிரண்டு மணி நேரம் உட்காருகிறவருக்கு அப்படியா? (சணல் ஆலைத் தறிக்கூடங்களிலேயே 90 டெசிபலைத் தாண்டி இரைச்சல் இருக்கும் என்பது தனிக் கொடுமை.)

டாக்சிக்காரர்கள் இதற்கு வருவார்களா என்று சாச்சாவைக் கேட்டேன். பதினைந்து வருடம் தாண்டிய வாடகை வண்டிகள் ஓடக்கூடாது என்று 2008-ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு, கடைசி இரண்டு மூன்று வருடத்துக்காக யார் செலவு செய்வார்கள் என்றார். பெரும்பாலும் வெறும் தகடு, மேலே ரப்பர் மேட், அவ்வளவுதானாம். சிலர் மட்டும் வருவார்களாம். வந்து, வண்டி முழுவதற்கும் வேண்டாம், தன் காலடிக்கு மட்டும் அரை ஷீட் ஃபெல்ட் வெட்டித்தா என்பார்களாம். மீதி அரை ஷீட்டை அவர் சுருட்டிக் கடை மூலையில் வைத்திருந்தார், அடுத்து வருகிறவருக்காக.