கண்ணாடிக்குள் அடைத்த ஈரம்

லண்டனின் கிழக்கே, துறைமுகத்தை ஒட்டிய வெல்க்ளோஸ் சதுக்கத்தில் நதானியேல் பாக்ஷா வார்டு என்றொரு மருத்துவர் இருந்தார். அவருக்குப் பெரணிகள் மீது தீராத ஆசை. வீட்டுக் கொல்லையில் பாறைகளை அடுக்கி, சுவர் உச்சியில் துளையிட்ட குழாயைப் பொருத்தி, தண்ணீர் ஓயாமல் கசிந்து வடியும்படி செய்தார். அப்படியும் நட்ட பெரணிகள் ஒவ்வொன்றாகக் கருகிப்போயின.

அவற்றைக் கொன்றது குளிர் அல்ல. வார்டு விரும்பிய பெரணிகள் இங்கிலாந்துக் காடுகளில் உறைபனியைத் தாங்கி வளர்பவை. ஆண் பெரணி என்ற வகையையே எடுத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் அதன் தழை காய்ந்து விழும். மண்ணோடு ஒட்டிய தண்டு மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து, வசந்தத்தில் சுருள் சுருளாகத் துளிர்விடும். அப்பேர்ப்பட்ட செடியை லண்டனின் நிலக்கரிப் புகை வீழ்த்திவிட்டது.

விடை தற்செயலாகக் கிடைத்தது. 1829இல் வார்டு ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு கண்ணாடிப் புட்டியில் வைத்து மூடினார். பூச்சி வெளிவருவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகி மேலேறியது; கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்தது; பிறகு வழிந்து மண்ணுக்கே திரும்பியது. பூச்சி வெளிவரவிருந்த வேளையில் மண்ணின் மேல் ஒரு பெரணிக் கன்றும் ஒரு புல்லும் தலைநீட்டின. கொல்லையில் எத்தனை பாடுபட்டும் வராத ஆண் பெரணிதான் அது!

புட்டியைப் படிப்பறை ஜன்னலுக்கு வெளியே வைத்தார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. பெரணி ஆண்டுக்கு மூன்று நான்கு இலைகள் விட்டது. புல் ஒருமுறை பூக்கவும் செய்தது. அவர் ஊரில் இல்லாத சமயத்தில் மூடி துருப்பிடித்து, மழைநீர் உள்ளே இறங்கி, இரண்டும் அழுகின.

பெரணிக்கு ஈரம் ஏன் இத்தனை முக்கியம்? அதற்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. இலையின் அடியிலிருந்து உதிரும் ஸ்போர் என்னும் நுண்ணிய வித்து முளைத்து, நகக்கண் அளவுகூட இல்லாத பச்சைத் தகடாகும். அந்தத் தகட்டின் அடியில் படிந்த நீரில் ஆணணு நீந்திப்போய்க் கருமுட்டையைச் சேர்ந்தால்தான் புதிய பெரணி பிறக்கும். அந்தச் சமயத்தில் நீர் வற்றினால் அடுத்த தலைமுறை கிடையாது.

வார்டு அடுத்து நினைத்தது கடலை. அக்காலத்தில் கப்பலேறிய செடிகளில் பெரும்பாலானவை உப்புக்காற்றுக்கும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் பலியாயின. சீனாவிலிருந்து புறப்படும் ஆயிரம் செடிகளில் ஒன்றுதான் இங்கிலாந்தில் பிழைக்கிறது என்று, மக்காவு நகரில் இருந்த மருத்துவர் ஜான் லிவிங்ஸ்டன் 1819இல் மதிப்பிட்டிருந்தார். 1833இல் வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் பெரணிகளையும் புற்களையும் வைத்து, இறுக மூடி, கேப்டன் மல்லார்டின் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். அவை பசுமையாகவே போய்ச் சேர்ந்தன.

திரும்பிய பயணம்தான் உண்மையான சோதனை. 1834 பிப்ரவரியில் சிட்னியில் ஆஸ்திரேலியச் செடிகளை நிரப்பிப் பெட்டிகளை மூடியபோது வெயில் 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை இருந்தது. தென்னமெரிக்காவின் தெற்குக் கோடியான ஹார்ன் முனையைச் சுற்றியபோது குளிர் மைனஸ் 7 டிகிரிக்கு இறங்கி, மேல்தளத்தில் ஓர் அடி உயரத்துக்குப் பனி கிடந்தது. நிலநடுக்கோட்டைக் கடந்தபோது 49 டிகிரி கொளுத்தியது. நவம்பரில் ஆங்கிலக் கால்வாயை எட்டியபோது 4 டிகிரி. வழியில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனாலும் இங்கிலாந்தில் அதுவரை எவரும் உயிரோடு பார்த்திராத ஓர் ஆஸ்திரேலியப் பெரணி உட்பட செடிகள் தளதளவென்று வந்திறங்கின. ஈரம் குறையாமல் இருந்தால் வெப்பநிலையின் இத்தனை ஏற்ற இறக்கத்தையும் செடி தாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதன்பின் வார்டு பெட்டி பேரரசின் கருவியாயிற்று. தாவர வேட்டையர் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இமயமலைச் சாரலுக்குக் கொண்டுவந்தது இந்தப் பெட்டிகளில்தான். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 38 பெட்டிகளில் 1,919 ரப்பர் கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின. நீலகிரியின் கதையும் இதில் சேரும். மலேரியா மருந்தான குயினைன் தரும் சின்கோனாவைத் தென்னமெரிக்காவிலிருந்து பெட்டிகளில் கொண்டுவரும் பொறுப்பு கிளமென்ட்ஸ் மார்க்கமுடையது. 1860இல் அவர் கொண்டுவந்த கன்றுகள் பயணத்தில் நலிந்து, உதகையில் பட்டுப்போயின. அடுத்த ஆண்டு வந்த சிவப்புப் பட்டை வகைக் கன்றுகள் பிழைத்தன. உதகைத் தாவரவியல் பூங்காவின் வில்லியம் மெக்ஐவர் அவற்றைப் பெருக்கினார். அந்தத் தோட்டங்களுக்காகத் தொட்டபெட்டாப் பகுதியின் சோலைக்காடுகள் வெட்டப்பட்டன. மருந்து தேவைதான், ஆனால் சோலை அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்தே இந்த வரலாற்றை எழுத வேண்டும்.

பெட்டி பிறந்த நாட்டிலும் சேதம் நடந்தது. 1845இல் கண்ணாடி மீதான வரி நீங்கியதும் நடுத்தர வீட்டு வரவேற்பறைகளில் பெரணிப் பெட்டிகள் நிறைந்தன. எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லி 1855இல் இதைப் பெரணிப் பித்து என்றே குறிப்பிட்டார். கூடையும் மண்வெட்டியுமாக மக்கள் மலைகளுக்குக் கிளம்பினார்கள். அவர்களிடம் அதிகம் சிக்கியது அயர்லாந்தின் கில்லார்னி பெரணி. அருவிச் சாரலிலும் குகை வாயிலிலும் வளரும் அதன் இலைத்தகடு ஒரே ஒரு செல் கனம். ஈரத்தைப் பிடித்துவைக்கும் மெழுகுப்பூச்சும் கிடையாது. உலர்ந்த அறையில் சுருண்டுவிடும் இந்தச் செடியைப் பிடுங்கிச் சுற்றுலாப் பயணிகளிடம் விற்றார்கள். பல இடங்களில் அது அடியோடு மறைந்தது. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் அதற்குக் காப்பளிக்கிறது. மிஞ்சிய செடிகள் நிற்கும் இடங்களைத் தாவரவியலாளர்கள் இன்றும் வெளியே சொல்வதில்லை.

உதகைக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோலை ஓரத்துப் பெரணியை வேரோடு பிடுங்கிக் கீழே கொண்டுவராதீர்கள். ஆசை இருந்தால், வித்திலிருந்து வளர்த்த கன்றா என்று கேட்டு நர்சரியில் வாங்குங்கள்.