குண்டூசி குத்துதல் (ஒட்டுத்துணித் தையல்)

துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் முன் அவை நகராதபடி குண்டூசியால் பிடித்து வைக்கும் முறை. விரிப்பு தைப்பவர்களுக்கு இது எப்போதும் தேவையா என்பதில் ஒத்த கருத்து இல்லை. மதுரையில் ஒட்டுத்துணி வேலை என்றால் விரிப்பைவிடத் தேரில் தொங்கும் உருளை வடிவத் துணியான தொம்பையும் தேர்ச்சீலையும் சித்திரைத் திருவிழாவுக்கான அழகர் வேட உடுப்புகளும்தான் நினைவுக்கு வரும். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) கட்டிய புதுமண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு இடையே மெஷின் போட்டு உட்கார்ந்து இவற்றைத் தைத்துவந்தார்கள். தையற்காரர்களில் முஸ்லிம்கள் பலர். இந்தத் தையற்கடைகள் பின்னர் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின.

குண்டூசி எதற்கு என்பது மெஷினைப் பார்த்தாலே விளங்கும். அடியிலுள்ள பல் கீழ்த்துணியை இழுக்கிறது. மேலே அழுத்தும் ஃபுட் மேல்துணியைத் தடுக்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. சமமாக வெட்டிய இரு துண்டுகளில் தையல் முடியும்போது மேல்துணி மட்டும் கொஞ்சம் மிஞ்சி நிற்பது இதனால்தான். வெல்வெட்டில் தொல்லை அதிகம்: நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் வைத்தால் இரண்டின் மயிரும் ஒன்றையொன்று தள்ளி, துணி தானாகவே வழுக்கிப் போகும். சாட்டினும் கிராஸாக வெட்டிய துண்டும் அப்படியே. இவற்றுக்குக் குண்டூசி வேண்டும், வெல்வெட்டுக்கு நெருக்கமாகவே வேண்டும்.

கஞ்சி போட்ட பருத்தி வேறு சாதி. ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நாலு அங்குலத் துண்டுக்குக் குண்டூசி குத்துவது வீண்வேலை, விரலே போதும். தையல்கள் சந்திக்கும் மூலையில் மட்டும் கவனம் தேவை. ஒரு வரிசையின் தையல் மடிப்பை இடப்பக்கமும் அடுத்த வரிசையின் மடிப்பை வலப்பக்கமும் தேய்த்துவிட்டால் இரண்டு மேடும் முட்டி நிற்கும்; அங்கே ஒன்று குத்தினால் போதும்.

குத்துவது தையலுக்குக் குறுக்காக, கொண்டை வெளியே தெரியும்படி. மெஷின் ஊசி நெருங்கும் முன் உருவிவிட வேண்டும். மேலேயே ஓட்டினால் ஊசி முறியும், முனை கண்ணுக்குத் தெறிக்கவும் கூடும். குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு தைக்கும் பழக்கமும் ஆபத்தானதே. சாட்டினில் துளை நிலைத்துவிடும் என்பதால் மெல்லிய ஊசியைத் தையலுக்கு வெளியே விடும் ஓரத்தில்தான் குத்த வேண்டும்.

கிளி, யாளி போன்ற உருவங்களை வெட்டித் தொம்பையில் ஒட்டுத்துணியாக வைக்கும்போது குண்டூசி அவ்வளவாக உதவாது. வளைவான ஓரம் தூக்கிக்கொள்ளும். கையால் பெரிய ஓட்டுத்தையல் போட்டு, வேலை முடிந்தபின் நூலை உருவிவிடலாம். மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கு சேரும் விரிப்புக்கு ஊக்கு நல்லது. நடுவிலிருந்து ஓரம் நோக்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று வீதம் மாட்டுவார்கள்.