துறை கடந்த வாசிப்பு: ஒரு வினாவின் வரலாறு

பழந்தமிழ் நூல்கள் மறைந்தமைக்குக் கறையானையும் நெருப்பையும் வெள்ளத்தையும் காரணங்களாகக் கூறுவது நம் வழக்கம். அவை உண்மையே. ஆயினும் நான்காவதாக ஒரு காரணமும் உண்டு. சுவடி பரணிலோ மடத்து நூல்நிலையத்திலோ பழுதின்றி இருக்கும். அதனைக் கட்டவிழ்த்துப் பார்ப்பார் இரார். "இது நாம் பயிலும் துறைக்குரிய நூலன்று" என்னும் எண்ணம் கறையானினும் மெல்ல, ஆனால் உறுதியாகத் தன் வேலையைச் செய்யும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்க் கல்வி வரலாற்றை ஆராய்வார்க்கு இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

அந்நூற்றாண்டுப் புலமை எளிதில் எய்தக்கூடியதன்று. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் முதலிய நூல்களை வரன்முறையாகப் பாடம் கேட்டு, நூற்றுக்கணக்கான செய்யுட்களை நினைவில் நிறுத்தி, கேட்டவுடன் பாடும் ஆற்றலும் பெற்றவரே புலவர் எனப் போற்றப்பெற்றனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அம்மரபின் சிகரம். அவரிடம் பயின்று, திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் வளர்ந்து, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தவர் உ. வே. சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் கண்டார். என்னென்ன நூல்கள் பயின்றிருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, ஐயர் தாம் கற்ற பிரபந்தங்களையும் புராணங்களையும் வரிசையாகக் கூறினார். கேட்டவர் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டா என்பதே அவர் தொடுத்த அடுத்த வினா. தம் ஆசிரியரும் அவற்றைப் பயின்றதில்லை என்பது ஐயர் அறிந்ததே. பின்னர்ச் சிந்தாமணியின் பிரதி ஒன்றையும் முதலியாரே கொடுத்துதவினார். அவ்வினாவை எழுப்பியவர் தமிழ்ப் புலவர் அல்லர், நீதிமன்ற அலுவலர் என்பது நோக்கத்தக்கது. புலவர்கள் வட்டத்திற்குள் எழாத வினா, அவ்வட்டத்திற்கு வெளியே நின்றவரிடமிருந்து வந்தது.

சீவக சிந்தாமணி சமணப் பெருங்காப்பியம். மூவாயிரத்திற்கு மேற்பட்ட செய்யுட்களையுடையது. சைவச் சூழலில் அந்நூலுக்கு நேர்ந்த நிலைக்கு நெடிய வரலாறு உண்டு. சோழ மன்னன் சிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததைக் கண்டு வருந்திய சேக்கிழார், அவன் மனத்தைத் திருப்பவே அடியார் வரலாற்றைப் பாட முற்பட்டார் என்று சேக்கிழார் புராணம் கூறும். பதினேழாம் நூற்றாண்டில் இலக்கணக்கொத்து இயற்றிய திருவாவடுதுறைச் சுவாமிநாத தேசிகர், சிந்தாமணி, பத்துப்பாட்டு, எட்டுத்தொகை போன்றவற்றில் காலம் கழிப்போரைக் கடிந்துரைத்தார். விலக்கப்பட்ட நூலை யாரும் எரிக்கவில்லை, படிக்காமல் விட்டனர். அதுவே போதுமானதாயிற்று.

ஐயர் ஏட்டைத் திறந்தபோது, தாம் கற்றறிந்த தமிழாகவே அது தோன்றவில்லை. நச்சினார்க்கினியர் உரையோ சமணக் கோட்பாடுகளையும், எந்நூலைச் சார்ந்தவை என்றறிய இயலாத மேற்கோள்களையும் நிறையக் கொண்டிருந்தது. ஆகவே அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடினார். முதன்முதலாக அவர்களுள் ஒருவர் இல்லத்திற்குச் சென்ற நாளிலேயே, அங்குச் சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்யும் விழா நடைபெறக் கண்டதாகத் தம் 'என் சரித்திரம்' நூலில் எழுதியுள்ளார். தமிழ்ப் புலவர் உலகம் மறந்திருந்த காப்பியம், அதே ஊரின் ஒரு வீதியில் பூசனைக்குரிய நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது! கல்லூரி ஆசிரியர் மீண்டும் மாணாக்கரானார்.

இதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்ததாகச் செவிவழிச் செய்தி உண்டு. நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய சிந்தாமணி உரையைச் சமணர் ஏற்காமையால், அவர் சமண நூல்களைப் பயின்று மீண்டும் உரை வரைந்தார் என்பர். வரலாறாயினும் புனைவாயினும், அது கூறும் நெறி ஒன்றே: பிறர் நூலை அவர்தம் விளக்கிலேயே படித்தல் வேண்டும்.

1887இல் சிந்தாமணி அச்சேறியது. அதனினும் பெரும்பயன் அவ்வுரையின் மேற்கோள்களால் விளைந்தது. பெயர் தெரியா அடிகளின் மூலத்தைத் தேடிச் சென்ற ஐயர், திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளிலேயே சங்க நூல்களைக் கண்டெடுத்தார். தேசிகர் கடிந்துரைத்த நூல்களை அவர் வாழ்ந்த மடமே காத்து வைத்திருந்தது என்பது வரலாற்றின் இனிய முரண். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன.

மணிமேகலைக்காக அவர் மற்றுமொரு வேலியைக் கடக்க வேண்டியிருந்தது. பௌத்தக் கருத்துகளைக் கூறவல்லார் அருகில் எவருமிலர். உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் பயின்று அவற்றின் பொருளை எடுத்துரைக்க, ஐயர் கேட்டுக் கேட்டு ஐயம் தெளிந்தார். அதன் விளைவாகப் புத்தர் வரலாறு, பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றை விளக்கும் பகுதிகளும் அப்பதிப்பில் இடம்பெற்றன. ஒரு தமிழ்க் காப்பியம் விளங்குவதற்கு ஆங்கில நூல்களும், அவற்றைப் படித்த அன்பரும் துணைநின்றமை எண்ணி மகிழ்தற்குரியது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். பல துறை நாடுவோர் ஒன்றிலும் ஆழங்காண மாட்டார் என்பர். ஐயரின் வாழ்வு இதற்கு விடை கூறும். சிற்றிலக்கியப் பயிற்சி அவருக்கு அளித்த நினைவாற்றலும் யாப்பறிவும் இலக்கணத் தேர்ச்சியுமே, சிதைந்த ஏட்டில் உண்மைப் பாடத்தைக் கண்டறியத் துணைசெய்தன. சங்க நூல்களைப் பதிப்பித்த பின்னரும் உலாவையும் கோவையையும் தலபுராணத்தையும் அவர் கைவிட்டாரல்லர், அவற்றையும் பதிப்பித்தார். தம் துறையில் வேரூன்றியவர்க்கே பிற துறை பயன் தரும். ஆனால் வேர் மட்டும் போதாது; கிளை பரவுதலும் வேண்டும்.

இவ்வரலாறு கவிஞர்களுக்கு மிகவும் உரியது. விருத்தப்பாவைப் பெருங்காப்பியத்திற்குரிய யாப்பாக நிலைநிறுத்திய நூல் சிந்தாமணி. அதனை விலக்கியவர்கள், தாம் நாளும் பாடிய யாப்பின் பிறப்பிடத்தையே அறியாதிருந்தனர். பாரதியார் பிறந்த 1882இல் சிலப்பதிகாரம் முழுமையாக அச்சில் இல்லை. பின்னாளில் அவர் கம்பனோடும் வள்ளுவனோடும் இளங்கோவையும் வைத்துப் பாட முடிந்ததெனில், அதற்கு முன்னர் ஒருவர் தம் துறைக்குப் புறம்பான ஏட்டைப் பிரித்திருந்தார் என்பதே பொருள்.

நம் வட்டம் பத்தாண்டுகளாகக் கவிதையைப் பாடியும் கேட்டும் பேசியும் வந்திருக்கிறது, பெருமைக்குரியதே. எனினும் கவிஞர் கவிஞரையே படித்து, கவிஞருக்காகவே எழுதுவாராயின், உவமைகள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறித் தேய்ந்துவிடும். அந்தாதிக்குள்ளேயே அந்தாதி பிறந்த காலத்தின் சோர்வு நமக்கும் நேரலாம். கல்வெட்டுத் தொகுதியும் மருத்துவச் சுவடியும் பறவை நூலும் சட்ட வரலாறும் நமக்கு அயலானவை அல்ல. நம் வட்டத்தின் மாதக் கூட்டங்களுள் ஆண்டிற்கு இரண்டையேனும் கவிதையல்லாத நூல்களுக்கு ஒதுக்குதல் நலம். அன்று உழவரோ வழக்குரைஞரோ மருத்துவரோ முன்னிருந்து பேச, கவிஞர்கள் மாணாக்கராக அமர்ந்து கேட்கட்டும்.

இராமசாமி முதலியாரின் வினாவை இன்று நம்மிடம் எவரேனும் தொடுப்பின், நாம் படித்தவற்றின் பட்டியல் நீளமாகவே இருக்கும். அப்பட்டியலுள் நம் துறை சாராத நூல் எது என்று அவர் அடுத்துக் கேட்பார். அதற்குரிய விடையை அடுத்த பத்தாண்டில் தேடிக்கொள்வோம்.