தலைவரின் குணமும் தகுதியும்: சாணக்கியன் கட்டுரையும் நேருவும்

முன்னுரை

ஓர் அரசியல் தலைவரை எதை வைத்து மதிப்பிட வேண்டும்? அவருடைய கொள்கையும் செயல்களும் போதுமா, இல்லை அவருடைய கோபம், பொறுமை, நட்பு, தனிவாழ்க்கை ஆகியவற்றையும் பார்க்க வேண்டுமா? தேர்தல் வரும்போதெல்லாம் எழும் கேள்வி இது. "அவர் வீட்டில் எப்படி இருந்தால் நமக்கென்ன, நாட்டுக்கு என்ன செய்தார் என்று பார்" என்பார் ஒருவர். "குணம் சரியில்லாதவன் கையில் அதிகாரத்தைக் கொடுக்கலாமா?" என்பார் மற்றொருவர்.

இந்தக் கேள்வியை ஒரு தலைவர் தன்னைப் பற்றித் தானே எழுப்பிய நிகழ்வு இந்திய வரலாற்றில் உண்டு. அந்தத் தலைவர் ஜவஹர்லால் நேரு. அவர் அன்று எதற்கு அஞ்சினார், பின்னாளில் உண்மையில் என்ன நடந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கும்.

1937 நவம்பர்: புனைபெயரில் ஒரு கட்டுரை

கல்கத்தாவிலிருந்து ராமானந்த சட்டர்ஜி நடத்திய 'மாடர்ன் ரிவ்யூ' என்ற ஆங்கில மாத இதழ் அக்காலத்தில் படித்தவர்களிடையே பெரும் மதிப்புப் பெற்றிருந்தது. அதன் 1937 நவம்பர் இதழில் 'ராஷ்டிரபதி' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர் பெயர் 'சாணக்கியன்' என்று இருந்தது. காங்கிரஸ் தலைவரை ராஷ்டிரபதி என்று அழைப்பது அன்றைய வழக்கம். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் நேரு.

அந்தக் காலச் சூழலையும் நினைவில் கொள்ள வேண்டும். 1936 ஏப்ரலில் லக்னோ மாநாட்டிலும், அதே ஆண்டு டிசம்பரில் பைஸ்பூர் மாநாட்டிலும் நேருவே தலைமை வகித்தார். 1937 மாகாணத் தேர்தலுக்காக நாடு முழுவதும் பல்லாயிரம் மைல் சுற்றினார். தேர்தலில் காங்கிரஸ் பெரும் வெற்றி பெற்றது. சென்னை மாகாணத்தில் ராஜாஜி உட்படப் பலர் அந்த ஜூலையில் ஆட்சிப் பொறுப்பேற்றனர். மூன்றாம் முறையும் தொடர்ந்து நேருவே தலைவராக வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஐரோப்பாவிலோ முசோலினியும் ஹிட்லரும் கூட்டத்தின் ஆரவாரத்தை ஏணியாக வைத்து ஏறிச் சர்வாதிகாரிகளாகியிருந்தனர்.

சாணக்கியனின் கட்டுரை நேருவைக் கடுமையாக எடைபோட்டது. மக்கள் திரளைக் கண்டதும் அவர் முகம் மலர்வதும், கூட்டம் கலைந்ததும் அந்த மலர்ச்சி மறைந்து களைப்புத் தெரிவதும் இயல்பா, நடிப்பா என்று கேட்டது. அவருடைய செல்வாக்கு, மன உறுதி, செருக்கு, முன்கோபம், பிறர் சொல்லைப் பொறுக்காத தன்மை, திறமையற்றவர்கள் மீதான இளக்காரம் ஆகியவற்றை அடுக்கியது. ஜனநாயகவாதி என்றும் சோசலிசவாதி என்றும் அவர் தம்மைச் சொல்லிக்கொள்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் சூழ்நிலை சிறிது திரும்பினால் இப்படிப்பட்டவர் சர்வாதிகாரியாக மாறக்கூடும் என்று எச்சரித்தது. ஆகவே மூன்றாம் முறை அவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, நாட்டுக்குச் சீசர்கள் தேவையில்லை என்று முடிந்தது.

எழுதியவர் நேருவின் எதிரி என்றே பலரும் நினைத்திருப்பார்கள். எழுதியவர் நேருவே என்பது பின்னர்தான் தெரியவந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஹரிபுரா மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சுபாஷ் சந்திர போஸ்.

இதுவும் ஒருவகைத் தற்பெருமை என்று சொல்வோர் உண்டு. தன் குறைகளைப் பட்டியலிடும் சாக்கில் தன் செல்வாக்கையும் அவர் எழுதிவிட்டார் என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் தன் குணத்தையே நாட்டுக்கு ஆபத்தாக வரக்கூடிய ஒன்றாக ஒரு தலைவர் எண்ணிப் பார்த்தார் என்பது முக்கியமான செய்தி.

அஞ்சியது நடந்ததா?

பத்தாண்டு கழித்து அதே மனிதர் பிரதமரானார். 1947 முதல் 1964 மே 27 அன்று இறக்கும் வரை, ஏறத்தாழ 17 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். 1951 முதல் 1954 வரை கட்சித் தலைமையும் அவரிடமே இருந்தது. புருஷோத்தம் தாஸ் டாண்டன் 1951 செப்டம்பரில் தலைவர் பதவியிலிருந்து விலகியதற்கு நேருவுடன் ஏற்பட்ட பூசலே காரணம். ஆக, கட்சியிலும் ஆட்சியிலும் அவருக்கு நிகராக நிற்க எவரும் இல்லை. சர்வாதிகாரியாக மாற விரும்பியிருந்தால் வாய்ப்பு இருந்தது.

அவருடைய கோபமும் மாறிவிடவில்லை. மேடையிலும் கூட்டத்திலும் அவர் சீறியதை நேரில் கண்டவர்கள் பலர். ஆனால் அந்தச் சீற்றம் ஆட்சி முறையாக மாறாமல் இருக்கச் சில பழக்கங்களை அவர் கைக்கொண்டார். 1947 அக்டோபர் முதல் மாநில முதலமைச்சர்களுக்கு இரு வாரத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில் விரிவான கடிதங்கள் எழுதினார். நாடாளுமன்றத்துக்குத் தவறாமல் சென்று கேள்விகளுக்கு விடையளித்தார். 1951-52, 1957, 1962 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களைச் சந்தித்தார்.

1957 டிசம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம், ஹரிதாஸ் முந்திரா என்பவருடைய நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்டது பற்றி மக்களவையில் கேள்வி எழுந்தது. எழுப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். காங்கிரஸ் உறுப்பினரும் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி. நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையிலான ஆணையம் மக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தியது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அவர் மீது நேருவுக்கு இருந்த மதிப்பு விசாரணையைத் தடுக்கவில்லை.

கருத்தை மாற்றிக்கொண்ட சந்தர்ப்பங்களும் உண்டு. மொழிவழி மாநிலங்கள் அமைவதில் அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாநோன்பு இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உயிர்விட்டார். நான்கே நாளில் ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்று நேரு அறிவித்தார். அவர் விட்டுக்கொடுத்தார் என்பது உண்மை; ஓர் உயிர் போன பிறகே விட்டுக்கொடுத்தார் என்பதும் உண்மை.

மறுபக்கம்

நேருவின் ஆட்சியில் இதற்கு நேர்மாறான செயல்களும் இருந்தன. 'கிராஸ்ரோட்ஸ்' என்ற இதழைச் சென்னை மாநில அரசு தடைசெய்த வழக்கில், அந்தத் தடை செல்லாது என்று 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே, முதலாவது அரசியல் சட்டத் திருத்தத்தின் வழியாக, பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடுகளை நேரு அரசு கொண்டுவந்தது. காஷ்மீரில் ஷேக் அப்துல்லா 1953 ஆகஸ்டில் பதவி நீக்கப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் சிறையிலேயே இருந்தார். கேரளத்தில் தேர்தல் மூலம் வந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அரசு 1959 ஜூலை 31 அன்று கலைக்கப்பட்டது. பொறுமையின்மை என்று அவரே சொன்ன குணத்தின் நிழல் இவற்றில் தெரிகிறது.

அவர் எழுதாமல் விட்ட குறை

நாட்டுக்குப் பெரிய அடி விழுந்ததற்குக் காரணமான குணம் சாணக்கியனின் பட்டியலில் இல்லை. அது கோபத்துக்கு எதிரானது: நண்பர்களைக் கைவிட முடியாத மென்மை.

வி.கே. கிருஷ்ண மேனன் லண்டன் நாட்களிலிருந்தே நேருவின் நெருங்கிய நண்பர். 1957இல் பாதுகாப்பு அமைச்சரானார். அவருக்கும் படைத் தளபதி திம்மையாவுக்கும் ஏற்பட்ட மோதலில், 1959 ஆகஸ்ட் இறுதியில் திம்மையா பதவி விலகல் கடிதம் கொடுத்தார். நேரு அவரை அழைத்துப் பேசிக் கடிதத்தைத் திரும்பப் பெறச் செய்தார். பிறகு நாடாளுமன்றத்தில் தளபதியைக் குறைகூறினார். அமைச்சர் அப்படியே நீடித்தார். படையின் நிலை பற்றிய எச்சரிக்கைகளை நண்பர் மீதான குறைகளாகவே நேரு எடுத்துக்கொண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

1962 அக்டோபர் 20 அன்று சீனப் படைகள் தாக்கின. குளிருக்கேற்ற உடையும் போதிய ஆயுதமும் இல்லாமல் இந்திய வீரர்கள் மலை உச்சிகளில் போரிட்டு மடிந்தனர். கட்சிக்குள்ளேயே எழுந்த நெருக்கடியால் நவம்பர் 7 அன்று மேனன் அமைச்சரவையிலிருந்து வெளியேறினார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் உரிய நேரத்தில் ஓர் அமைச்சரை மாற்ற மனம் வராதது அவற்றுள் ஒன்று.

அதன் பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது. 1963 ஆகஸ்டில் ஆச்சாரிய கிருபளானி நேரு அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். சுதந்திர இந்தியாவில் அதுவே முதலாவது. தீர்மானத்துக்கு ஆதரவாக 62 பேரும் எதிராக 347 பேரும் வாக்களித்தனர். வெல்லும் என்று தெரிந்தும் நேரு அவையில் அமர்ந்து தம் மீதான குற்றச்சாட்டுகளைக் கேட்டார். இத்தகைய சோதனைகள் அவ்வப்போது வருவது நல்லது என்ற கருத்தையும் தெரிவித்தார்.

தனி ஒழுக்கம் எப்போது பொதுக் காரியம்?

குணம் பற்றிய கேள்வியோடு தனி ஒழுக்கம் பற்றிய கேள்வியும் சேர்ந்தே வருகிறது. நேருவின் தனிவாழ்க்கை பற்றி அன்று தொட்டு இன்றுவரை வதந்திகள் பேசப்படுகின்றன. அவற்றால் எந்த அரசு முடிவு மாறியது என்று கேட்டால், பேசுபவர்களிடம் உறுதியான விடை கிடைப்பதில்லை. தனிவாழ்க்கை எந்த இடத்தில் பொதுக் காரியமாகிறது என்பதைக் காட்ட, நேருவின் கடைசி ஆண்டுகளில் பிரிட்டனில் நடந்த ஒரு நிகழ்வு உதவும்.

போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃபியூமோவுக்கும் கிறிஸ்டீன் கீலர் என்ற பெண்ணுக்கும் இருந்த உறவு பற்றிப் பேச்சு எழுந்தது. அதே பெண்ணுக்குச் சோவியத் தூதரக அதிகாரி ஒருவருடனும் பழக்கம் இருந்ததால் அரசு இரகசியங்கள் பற்றிய அச்சமும் சேர்ந்தது. 1963 மார்ச் 22 அன்று தவறான உறவு எதுவும் இல்லை என்று அமைச்சர் மக்களவையில் சொன்னார். ஜூன் 5 அன்று, தாம் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு விலகினார். அவரை மீள முடியாமல் வீழ்த்தியது அவையில் சொன்ன பொய். ஒருவரின் தனிவாழ்க்கை பொய்யையும், பதவியைத் தவறாகப் பயன்படுத்துவதையும், பிறர் மிரட்டலுக்குப் பணியும் நிலையையும் உண்டாக்குமானால் அதை மக்கள் கேட்கலாம். மற்றவை அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உரியவை.

முடிவுரை

குணம் முக்கியமில்லை, சட்டமும் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் இருந்தால் போதும் என்பவர்களுக்கு 1975 ஜூன் 25 விடை சொல்கிறது. அன்று நேருவின் மகள் இந்திரா காந்தியின் ஆட்சி நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறை சென்றனர். அமைப்புகள் அவையேதான், அவற்றை மதித்து நடக்கும் மனம்தான் இல்லாமல் போனது. நல்ல குணம் இருந்தால் போதும் என்பவர்களுக்கு 1962 விடை சொல்கிறது. தன்னைக் கடுமையாக ஆராய்ந்த ஒருவருக்கும் தன் குறை முழுவதும் கண்ணில் படவில்லை.

திருக்குறளில் இறைமாட்சி அதிகாரம், செவிக்குக் கசப்பான சொல்லைப் பொறுப்பதை அரசனுக்குரிய பண்பாகச் சொல்கிறது. இடித்துரைப்பார் இல்லாத அரசன் பகைவர் இன்றியும் கெடுவான் என்பது பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தின் கருத்து. இந்த இரண்டும் சேர்ந்ததே தகுதியை அளக்கும் கோல். கோபம் இல்லாத தலைவர் கிடைப்பது அரிது. எதிர்த்துப் பேசுகிறவரை அருகில் வைத்துக்கொள்கிறாரா, தவறு சுட்டப்பட்டால் விசாரணைக்கு வழிவிடுகிறாரா, தனக்கு வேண்டியவரிடமும் கணக்குக் கேட்கிறாரா என்று பார்ப்பதே வாக்காளர் செய்ய வேண்டியது. நேரு முதல் இரண்டில் பெரும்பாலும் தேறினார். மூன்றாவதில் தவறினார். அதன் விலையை எல்லையில் நின்ற வீரர்கள் கொடுத்தார்கள்.