இடம் மாற மறுத்த கட்டளை

இன்றைய வரலாற்றுப் பாடத்தில் மன்னர்கள் இல்லை, கணினிதான்.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், பிடிபி-7 என்ற சிறிய கணினியில் யூனிக்ஸை எழுதத் தொடங்கினார். நாம் தட்டச்சு செய்யும் கட்டளையைப் படித்து நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்குப் போக அதில் ‘சிஎச்டிர்’ என்ற கட்டளை இருந்தது. இன்று அதைச் ‘சிடி’ என்கிறோம்.

பிறகு ‘ஃபோர்க்’ என்ற வசதியைச் சேர்த்தார்கள். வெறும் 27 வரி அசெம்பிளி நிரல்தான். அதன்பின் ஷெல் எந்த வேலையையும் தானே செய்யாமல், தன்னைப்போலவே ஒரு பிரதியை உண்டாக்கி அதனிடம் ஒப்படைத்தது. உடனே சிஎச்டிர் வேலை செய்யவில்லை! பிழைச்செய்தியும் கிடையாது, இருந்த கோப்புறையிலேயே நிற்கிறது. நிரலைத் திரும்பத் திரும்பப் படித்து மண்டையை உடைத்துக்கொண்டதை டென்னிஸ் ரிட்சி பின்னாளில் எழுதியிருக்கிறார்.

பிழை அந்தக் கட்டளையில் இல்லை. தலைமையாசிரியர் ஒரு மாணவனை அழைத்து, “பக்கத்து வகுப்பில் போய் உட்கார்” என்கிறார். அவன் ஒழுங்காகப் போய் உட்காருகிறான். ஆனால் தலைமையாசிரியர் தன் அறையில்தானே இருப்பார்? பிரதி இடம் மாறியது, மாறிய கையோடு முடிந்தும் போனது. தாய் ஷெல் அசையவே இல்லை. கடைசியில் அந்தக் கட்டளையை மட்டும் ஷெல்லே தனக்குள் நேரடியாகச் செய்யும்படி மாற்றினார்கள்.

1970களின் இறுதியில் பெர்க்லியில் பில் ஜாய் சி-ஷெல்லை எழுதினார். ‘புஷ்டி’, ‘பாப்டி’ என்ற கட்டளைகள் பரவியது அதன் வழியாகத்தான். திருத்த வேண்டிய நோட்டுகளை மேசையில் அடுக்குவோமே, கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். அதுபோல, போகும் இடங்களைப் புஷ்டி அடுக்கி வைக்கும். பாப்டி மேலே இருப்பதை நீக்கிவிட்டு அடுத்த இடத்துக்குத் திரும்பும். இந்த அடுக்கும் ஷெல்லின் நினைவுக்குள்தான் இருக்கிறது. பிரதியிடம் போனால் பிரதியோடு மறைந்துவிடும்.

சென்னையில் கணினி வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் போன மாதம் புலம்பியது இதைத்தான்: “சித்தப்பா, ஸ்கிரிப்ட்ல புஷ்டி போட்டேன், முடிஞ்சதும் பார்த்தா பழைய இடத்துலயே நிக்குது.” ஸ்கிரிப்ட் ஓடியது தனிப் பிரதியில். ஐம்பது ஆண்டுக்கு முன் பெரியவர்களையே திணறடித்த அதே பிழையப்பா என்றேன். அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட!

பாஷ் ஷெல்லில் இன்னொரு குழப்பமும் உண்டு. புஷ்டி செய்தபின் நடுவில் சிடி போட்டால், அடுக்கின் உச்சியில் இருந்த பெயரே மாறிவிடும். எங்கே நிற்கிறோம் என்று சந்தேகம் வந்தால் ‘டிர்ஸ்’ என்று அடித்துப் பாருங்கள், அடுக்கு முழுவதும் தெரியும்.

எனக்குக் கவலை தருவது வேறு. ஸ்கிரிப்டில் புஷ்டி, அடுத்த வரியில் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை, பிறகு பாப்டி என்று எழுதுகிறார்கள். அந்தக் கோப்புறை இல்லையென்றால் புஷ்டி ஒரு முணுமுணுப்போடு தோற்றுவிடும். ஸ்கிரிப்ட் நிற்காது. அடுத்த வரி, நிற்கும் இடத்திலேயே அழிக்கத் தொடங்கும். பல மாத உழைப்பு போய்விடும். இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகள் புஷ்டி வரியின் கடைசியில் இரண்டு செங்குத்துக் கோடுகளும் ‘எக்ஸிட்’டும் சேர்த்துவிடுங்கள். போக முடியாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.