உருளைக் கணக்கும் ஓடுகளக் கணக்கும்

காரின் எஞ்சினில் செய்த மாற்றம் திறனைக் கூட்டியதா என்பதற்கு இருவகைச் சான்றுகள் முன்வைக்கப்படுகின்றன: சக்கரங்களை உருளைமேல் சுழலவிட்டுத் திறனை அளக்கும் டைனோ என்ற கருவியில் பதிவான குதிரைத்திறன், ஓடுகளத்தில் எடுத்த நேரம். டைனோத் தாள் ஏமாற்றும், கடிகாரம் ஏமாற்றாது என்பது பந்தயக்காரர்களிடையே பரவலான நம்பிக்கை. அது பாதிதான் சரி. கால் மைல் ஓட்டத்தின் முடிவில் கிடைக்கும் இரு எண்களில், ஓட்ட நேரத்தைவிட முடிகோட்டு வேகமே திறனுக்கு ஏற்ற சான்று. சிறு மாற்றங்களை உணரும் நுட்பம் அதற்கும் கிடையாது.

காரணம் எளிய இயற்பியல். சக்கரத்துக்கு வரும் திறன் மாறாதது, காற்றுத்தடை இல்லை என்று கொண்டால், 402 மீட்டரின் முடிவில் கார் எட்டும் வேகம் திறன்-எடை விகிதத்தின் கனமூலத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். திறன் 5 விழுக்காடு உயர்ந்தால் வேகம் உயர்வது சுமார் 1.6 விழுக்காடுதான், மணிக்கு 160 கி.மீ. என்பது 162.6 ஆகும். காற்று திசைமாறி வீசினால் இந்த வேறுபாடு மறைந்துவிடலாம். நேரத்தின் கதி இன்னும் மோசம். 13 நொடி ஓட்டத்தில் அதே 5 விழுக்காடு ஈட்டித் தருவது 0.2 நொடி. புறப்படும்போது டயர் சுழன்று வழுக்கினால் அவ்வளவும் போய்விடும். ஆனால் அந்த வழுக்கல் முதல் சில மீட்டரோடு முடிந்துவிடுவதால், முடிகோட்டு வேகத்தை அது அதிகம் தொடுவதில்லை.

இனி டைனோ. கனமான உருளையைக் கார் எவ்வளவு விரைவாகச் சுழற்றுகிறது என்பதிலிருந்து திறனைக் கணக்கிடும் நிலைமவகை டைனோவில், எடை குறைந்த சக்கரங்களை மாட்டினாலே குதிரைத்திறன் ஏறியதாகத் தெரியும். எஞ்சின் அதே எஞ்சின்தான். தடைகொடுத்துச் சுழற்சியை ஒரே வேகத்தில் நிறுத்தி அளக்கும் டைனோவில் அந்த ஏற்றம் தென்படாது. எது பொய்? எஞ்சினைப் பற்றிய கேள்விக்கு முதலாவது பிழையான விடை தருகிறது. கார் முடுக்கம் பெறுமா என்ற கேள்விக்கு அதன் விடையே நெருக்கமானது. கேட்கும் கேள்வியைச் சொல்லாமல் கருவியைக் குறைகூறுவது வீண்.

காற்றின் நிலை வேறுபாட்டை ஈடுகட்ட அளந்த எண்ணில் செய்யும் வானிலைத் திருத்தத்தில்தான் சிக்கல் முற்றுகிறது. டென்வர் அருகே 2023 வரை இயங்கிய பேண்டிமியர் ஓடுகளம் கடல்மட்டத்துக்குச் சுமார் 5,800 அடி மேலே இருந்தது. அந்த உயரத்தில் எஸ்.ஏ.ஈ. ஜே1349 என்ற தரநெறியின் திருத்தம் அளந்த திறனோடு ஏறத்தாழக் கால்பங்கைக் கூட்டும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது ஓரளவு பொருந்தும். மெல்லிய காற்றையும் குறித்த அழுத்தத்துக்கு நெருக்கும் டர்போ எஞ்சின் அவ்வளவு திறனை இழந்திருக்காது; அதற்கும் அதே கால்பங்கைக் கூட்டினால் இல்லாத குதிரைகள் தாளில் ஓடும். கடிகாரக் கட்சியினரும் இங்கே தப்ப முடியாது: உயரமான களங்களின் நேரங்களுக்கு அமெரிக்கத் தேசிய ஹாட் ராட் சங்கமும் திருத்தக் காரணிகளைக் கையாண்டது.

ஆகவே 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஏற்றத்தைக் கோருபவர் முடிகோட்டு வேகத்தைக் காட்டட்டும். காட்டாவிட்டால் ஐயுறுவது முறை. 3 விழுக்காடு என்றால் களம் தீர்ப்புச் சொல்லாது. ஒரே டைனோ, ஒரே நாள், ஒரே எஞ்சின் வெப்பநிலை. பழைய பாகத்தோடு முதலில், புதியதோடு அடுத்து, பழையதைத் திரும்பப் பூட்டி மூன்றாவதாக அளந்த, திருத்தம் சேராத எண்கள் வேண்டும். விளம்பரங்களில் வரும் வரைபடங்களில் அந்த மூன்றாவது கோட்டைக் காண்பது அரிது.