ஓசூரில் 14 குதிரை: ஒரு சைலன்சரின் வரலாறு

பழைய ஷோகன் பைக் ஒண்ணு விற்பனைக்கு வந்தா, இன்னைக்கும் விக்கிறவர் முதல்ல சொல்ற வார்த்தை "14 பிஹெச்பி". 1990களில் டிவிஎஸ் சுசுகி கொண்டுவந்த வண்டி. இன்ஜின் வெறும் 108 சிசி. எல்லாரும் கொண்டாடுற ஆர்எக்ஸ் 100-க்கே 11 தான். அப்போ இந்த 14 எங்கிருந்து வந்தது? அதை நம்பலாமா?

டிவிஎஸ் ஆலை இருக்கும் ஓசூர் இன்னைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம். ஆனா 2004 பிப்ரவரி வரைக்கும் அது தருமபுரி மாவட்டம். 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட், 1984-இல் இண்ட்-சுசுகி, அப்புறம் ஷோகன். எல்லாமே தருமபுரி மாவட்டத்து வண்டிகள்தான்!

குதிரைத்திறன்னா என்ன? 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கினால், அது ஒரு குதிரை. இது மெட்ரிக் கணக்கு. ஜேம்ஸ் வாட் போட்ட பிரிட்டிஷ் கணக்கு இதைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆக 14 குதிரை என்றால் ஒரு டன்னுக்கு மேல் எடையை நொடிக்கு ஒரு மீட்டர் தூக்கணும். கையில் பிடிக்கிற அளவு பிஸ்டன் இதைச் செய்யுதுங்கறதை நினைச்சுப் பாருங்க.

இதுக்கான பதில் ஓசூரில் இல்லை, கிழக்கு ஜெர்மனியில் இருக்கு. ட்ஷோப்பாவ் என்கிற சின்ன ஊர். அங்கே எம்இசட் கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர். காசு கிடையாது, நல்ல உலோகம் கிடையாது. இருந்தது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் மட்டும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: எரிந்த புகை வெளியே போகும்போது, உள்ளே வந்த புது பெட்ரோல்-காற்றுக் கலவையும் கூடவே ஓடிவிடும். அதுக்கு வழி சைலன்சர் குழாயின் வடிவத்தில் இருக்குன்னு காடன் கண்டார். குழாயை நடுவில் அகலமாக்கி, கடைசியில் மறுபடி குறுக்கினால், புகையோடு போன அழுத்த அலை ஒண்ணு திரும்பி வந்து, தப்பியோடின கலவையை மறுபடி சிலிண்டருக்குள்ளேயே தள்ளிடும். இதுக்குப் பேர் எக்ஸ்பான்ஷன் சேம்பர். இந்த யோசனையை முதலில் நினைத்தவர் காடன் இல்லை. ஆனா அதை ரேஸ் ஜெயிக்கிற ஆயுதமா மாத்தினவர் அவர்தான். 1961-இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரை கொடுத்தது. ஒரு லிட்டருக்கு 200!

அந்த வருஷம் ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பியது. செப்டம்பரில் ஸ்வீடனில் ரேஸ். எம்இசட் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் உலகப் பட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தார். இன்ஜின் கைவிட்டது, பட்டம் போச்சு. ஆனா டெக்னர் ஊர் திரும்பவே இல்லை. அதே நாட்களில் மனைவியும் குழந்தைகளும் கார் டிக்கியில் ஒளிந்து மேற்கே தப்பிவிட்டார்கள். டெக்னர் காடனின் ரகசியங்களோடு ஜப்பானில் சுசுகியிடம் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷமே, 1962-இல், 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. ஓட்டியவர் டெக்னரேதான். இதைத் திருட்டுன்னு சொல்றதா, உயிர் பிழைக்கக் கொடுத்த விலைன்னு சொல்றதா? எனக்குக் காடனை நினைச்சால்தான் மனசு கஷ்டமா இருக்கும். அவர் அங்கேயே இருந்தார்.

அதற்குள் அந்தக் குழாய் ரகசியமாக இல்லை, எல்லா டூ-ஸ்ட்ரோக் கம்பெனிகளுக்கும் போய்விட்டது. 1980களில் சுசுகியின் கையைப் பிடித்து ஓசூருக்கும் வந்தது. டிவிஎஸ் 1982-லேயே ரேஸிங் பிரிவு தொடங்கிவிட்டது. அப்போ ரேஸுன்னா சோழவரம்: சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1990 வாக்கில்தான் ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது.

இங்கேதான் அளவு விஷயம் சிக்கலாகுது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சோழவரம் கிட்டத்தட்டக் கடல் மட்டம். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். அதனால ஓசூரில் ஓடுற இன்ஜினுக்குச் சென்னையைவிட நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு சக்தி குறையும். அதே 14 குதிரை அங்கே 13-க்குக் கீழே. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை, காற்றுதான் குறைவு.

இன்னும் ஆபத்தானது கார்புரேட்டர். ஓசூர்க் காற்றுக்குச் சரியா ஜெட் போட்ட வண்டியை அப்படியே சென்னைக்கு இறக்கினால், காற்று கூடி, கலவையில் பெட்ரோல் விகிதம் குறைஞ்சிடும். சூடு ஏறும். முழு திராட்டிலில் பிஸ்டன் சீஸ் ஆகும், சில சமயம் தலையில் ஓட்டையே விழும்.

கார் ஆளுங்க சிரிக்காதீங்க. 1971 கார்வெட்டின் அடிப்படை 350 இன்ஜின் 270 குதிரை. 1972-இல் அதே இன்ஜின் 200. ஒண்ணும் கழட்டலை. முன்னாடி ஃபேன், சைலன்சர் எல்லாம் இல்லாமல் அளந்தாங்க, அப்புறம் வண்டியில் இருக்கிற மாதிரி அளந்தாங்க. அவ்வளவுதான். பிரோஷர்ல இருக்கிறது இன்ஜின் தண்டில் அளந்தது. செயின், கியர், டயர் எல்லாம் தின்றது போகப் பின்சக்கரத்துக்கு வருவது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து குறைவு.

2001-இல் டிவிஎஸ்ஸும் சுசுகியும் பிரிந்தார்கள். அதே வருஷம் ஓசூரிலிருந்து விக்டர், ஃபோர்-ஸ்ட்ரோக். புகைக் கட்டுப்பாடு இறுக இறுக, டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் ஷோரூமை விட்டுப் போயின.

இப்போ ஷோகன் வாங்கி ரெடி பண்றவங்க நிறையப் பேர் முதல்ல செய்றது சைலன்சரை வெட்டுறது. சத்தம் ஏறும், நிஜம். ஆனா காடன் கண்டுபிடிச்ச அந்தத் திரும்பி வர்ற அலையை நீங்களே வெட்டி எறியறீங்க. பிக்-அப் செத்துடும். சக்தி வேணும்னா முதல்ல சிலிண்டர் தேய்மானத்தைப் பாருங்க, குழாயில் அடைஞ்ச கரியை எடுங்க, கசியுற சீல்களை மாத்துங்க. போர்ட்டிங் எல்லாம் அதுக்கப்புறம். முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை, ஒரே டைனோவில் ஏத்துங்க. வேற வேற ஊர்ல அளந்தீங்கன்னா, அன்னைக்கு இருந்த வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் கணக்கைத் திருத்தியிருக்காங்களான்னு ரிப்போர்ட் தாளின் மூலையில் தேடிப் பாருங்க.